பெட்ரோல் கசிவுக்குப் பசை தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண் பாதைகளில் ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய பைக்குகளில் பெட்ரோல் கசிந்தால், எங்கிருந்து கசிகிறது என்று பார்க்காமலேயே ட்யூபை மாற்றியோ பசையைத் தடவியோ அனுப்பிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் நீடிப்பது மிகுந்த கவலை அளிக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தீப்பொறிக்கு இடமில்லாத திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து முதல் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால், பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை நிறுத்த வேண்டிய மிதவையின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். தூசி சிக்கியிருந்தால் கழுவினால் போதும். ஊசியின் கூர்முனையில் மெல்லிய வளையமாகத் தேய்மானத் தடம் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். வழிந்த பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கக்கூடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், அதை மாற்றாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படும் இந்நாளில், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் ட்யூபுகளும் ஓ-ரிங்குகளும் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையங்கள்) விரைவில் கெட்டுப்போக வாய்ப்புள்ளது. எத்தனாலைத் தாங்கும் உதிரி பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்க உற்பத்தியாளர்களும், கசிவின் இடத்தைக் கண்டறியும் இந்தச் சோதனையை ஐடிஐ மாணவர்களுக்குச் செய்முறையாகவே கற்பிக்க அரசும் வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்