கோபுரம் எழுப்பவும், எழுப்பியதைக் காப்பாற்றவும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கும் சங்கத்தின் நலம் விரும்பிகளுக்கும் வணக்கம்.

சங்கத்துக்கென்று 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாக்களைத் தாங்கும் ஒரு கோபுரம் கட்டுவதாகப் பொதுக்குழுவில் முடிவானது உங்களுக்குத் தெரியும். பணம் திரட்டும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொடுப்பவர் வேறு விதமாக எழுதாவிட்டால், வரும் நன்கொடையில் பாதியைத்தான் கோபுரம் கட்டச் செலவழிப்போம். மறுபாதி பராமரிப்பு நிதியாகத் தனிக் கணக்கில் போகும். கட்டுமானத்துக்குப் பணம் பற்றாமல் போனால் வேலையைத் தள்ளிப்போடுவோமே தவிர, அந்தக் கணக்கில் கை வைக்க மாட்டோம்.

இந்த ஏற்பாடு சிலருக்குப் பிடிக்கவில்லை. முதலில் கோபுரம் நிற்கட்டும், பராமரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். ஆனால் புதுக் கோபுரத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பதுபோல, பத்தாவது வருஷம் துருப்பிடித்த இழுகம்பியை (கோபுரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பியை) மாற்றக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், அந்தக் கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளுக்குக் கிரீஸ் தடவ யார் வருவார்கள்? எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும்போதே இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

சரி, 30 மீட்டர் எதற்கு? இப்போது, சிறு செட்களின் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நம் ரிப்பீட்டரின் ஆன்டெனா மொட்டைமாடிக் குழாயில், தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது வேலை செய்யும் 2 மீட்டர் பேண்டில் (பேண்டின் பெயரில் வரும் மீட்டர் அலைநீளம்) அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு எங்கே மறைக்கிறதோ அங்கே எல்லை. அந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு: மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். 10 மீட்டருக்கு 13 கிலோமீட்டர், 30 மீட்டருக்கு 22.6. மூன்று மடங்கு ஏறியும் தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றலாம். ஆனால் ரிப்பீட்டர் வீசுவது ஒரு வட்டம். அந்த வட்டத்தின் பரப்பு சரியாக மூன்று மடங்காகிறது. மலையும் கட்டடமும் அதில் கொஞ்சத்தைத் தின்னும், ஆனாலும் இன்று நம்மோடு பேச முடியாத பலர் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஷார்ட்வேவுக்கு உயரம் வேறு காரணத்துக்காகத் தேவை. 20 மீட்டர் பேண்டுக்கான கிடைமட்ட ஆன்டெனாவை 10 மீட்டர் உயரத்தில் கட்டினால், சமதரையில் அதன் முக்கிய வீச்சு சுமார் 30 டிகிரி கோணத்தில் மேலே போகும். 20 மீட்டருக்கு ஏற்றினால் கோணம் 14 டிகிரியை ஒட்டி இறங்கும், 30 மீட்டரில் 10 டிகிரியை ஒட்டி வரும். கோணம் தாழத் தாழ, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை ஒரே தாவலில் அதிக தூரம் போய் விழும். அதே செட், அதே 100 வாட், ஆனால் கேட்காத கண்டங்கள் கேட்க ஆரம்பிக்கும். மேலே போகப்போவது மூன்று எலிமெண்ட் (குறுக்குக் கம்பி) யாகி ஒன்று, அதாவது ஒரே திசையில் குவித்து வீசும் ஆன்டெனா. 1926 வாக்கில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் வெளியிட்ட அதே வடிவம்தான். உடாவின் பெயரைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதற்காகவாவது இங்கே எழுதிவைக்கிறோம். யாகிக்கு மேலே ரிப்பீட்டரின் செங்குத்து ஆன்டெனா.

40 மீட்டருக்கு ஆசைப்பட்டவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. அந்தக் கூடுதல் 10 மீட்டரால் கிடைப்பது மூன்றரை கிலோமீட்டர்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஆசை அடங்கியது. அதற்காகக் காற்றுச் சுமையும் இழுகம்பியும் அஸ்திவாரமும் நிலமும் எல்லாம் கூடும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுமானச் செலவின் பெரும்பகுதி அதற்காகத்தான் போகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கோபுரத்தின் மேல் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாங்கிய கோபுரம் 140 கிலோமீட்டரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அப்புறம் உச்சியில் கட்டும் ஒவ்வொரு ஆன்டெனாவும் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் பரப்பைக் கொடுக்கிறது, அதுவும் எங்கே விசை அதிகம் உறைக்குமோ அங்கே. "இன்னும் ஒரு சின்ன ஆன்டெனாதானே" என்ற வாக்கியம்தான் கோபுரங்களுக்குப் பெரிய எதிரி. பொறியாளர் மறுபடி கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு கம்பிகூட மேலே ஏறாது என்று விதியே வைத்திருக்கிறோம். பெரிய தொகை தந்தவருக்கும் இதில் சலுகை கிடையாது.

மூன்று மட்டங்களில், மட்டத்துக்கு மூன்று திசையாக, ஒன்பது இழுகம்பிகள் வரும். அவற்றைத் தரையில் பிடிக்கும் நங்கூரங்கள் கோபுர அடியிலிருந்து 24 மீட்டர் தள்ளி, 120 டிகிரி இடைவெளியில் அமையும். இழுகம்பியே ஆன்டெனாவாக நடந்துகொண்டு யாகியின் வீச்சைக் கெடுக்காமலிருக்க நடுநடுவே முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் போடுகிறோம். அதில் இரண்டு பக்கக் கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி வளைந்து வரும், பீங்கான் உடைந்தாலும் கம்பி அறுந்து விழாது. மலிவாகக் கிடைக்கும் நல்ல பொருள்களில் அதுவும் ஒன்று. கான்கிரீட் போட்ட பிறகு 28 நாள் காத்திருந்துதான் இழுகம்பிகளுக்கு முழு இழுவிசை கொடுப்போம். அந்த நாட்களில் "இன்னுமா நிற்கவில்லை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. உச்சியிலிருந்து ரிப்பீட்டர் அறை வரை 40 மீட்டர் ஓட வேண்டும். சாதாரண ஆர்ஜி-58 கேபிளை இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்திதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும், மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுக் காணாமல் போகும். தடித்த ஆர்ஜி-213 கேபிளில்கூடப் பாதிக்கும் சற்றுக் குறைவே மிஞ்சும். அரை அங்குல ஹார்ட்லைன் (கெட்டியான உலோகக் கவசம் உள்ள கேபிள்) என்றால் முக்கால் பங்குக்கு மேல் போகும். கையடக்க செட்டிலிருந்து வரும் மெல்லிய சிக்னலும் இதே கேபிள் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உயரத்துக்குச் செலவழித்துவிட்டு அதைக் கேபிளில் தொலைப்பதற்கு, பேசாமல் மொட்டைமாடியிலேயே இருந்துவிடலாம்.

மின்னல் விழுவதைத் தடுக்க முடியாது. அது எந்த வழியாக மண்ணுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். கோபுரத்தைச் சுற்றி 2.4 மீட்டர் எர்த் கம்பிகளைச் சுமார் 5 மீட்டர் இடைவெளியில் அடித்து, கட்டடத்தின் மின் எர்த்தோடு ஒன்றாக இணைக்கிறோம். கேபிளின் வெளிக்கவசம் உச்சியிலும் அடியிலும் எர்த் ஆகும், அறைக்குள் நுழையும் இடத்தில், திடீரென்று பாயும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதற்கென்று நன்கொடை கேட்டால் முகம் சுருங்குவதும் அதனால்தான்.

இனி பராமரிப்பு. வருஷத்துக்கு இரண்டு முறை, அதோடு ஒவ்வொரு பெரிய காற்றுக்குப் பிறகும் ஒரு முறை, முழுச் சோதனை நடக்கும். ஒன்பது இழுகம்பிகளின் இழுவிசையையும் கருவி வைத்து அளப்போம். பொதுவாகக் கம்பியின் அறுபடு வலிமையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தளர்ந்தால் கோபுரம் ஆடும், அளவுக்கு மேல் முறுக்கினால் அதன் கால்கள் தேவையில்லாத சுமையைச் சுமக்கும். டர்ன்பக்கிள்கள் தானாகச் சுழன்று கழலாமலிருக்கப் போட்ட பூட்டுக்கம்பிகளைப் பார்ப்போம். கனெக்டர்களின் மேல் சுற்றிய டேப் வெயிலில் வெடித்திருந்தால் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் போதும், கேபிளின் பின்னல் கவசம் அதை உறிஞ்சிக் கீழே வரை இழுத்துவிடும். முதல் நாள் எடுத்த எஸ்டபிள்யூஆர் அளவுகளை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுபவை) எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடுவோம். மழைக்குப் பிறகு மட்டும் அளவு ஏறினால் ஈரம் எங்கோ நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்துவது மண்ணுக்குள் இருக்கும் நங்கூரக் கம்பி. மேலே பளபளவென்று இருக்கும், ஒரு முழம் கீழே அரித்துப் பென்சில் கனத்துக்கு வந்திருக்கும். செம்பு எர்த்தும் கால்வனைஸ் செய்த இரும்பும் ஈர மண்ணில் ஒன்றாக இணைந்திருக்கும்போது துத்தநாகம் கரைந்து, பிறகு இரும்பு கரைகிறது. ஆகவே சில வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு நேரத்தில் ஒரு நங்கூரத்தை மட்டும், கவனமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டிய வேலை, அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

பேரிடர் நேரத்தில் ஹாம் ரேடியோ உதவும் என்று சொல்லித்தான் எல்லாரும் நிதி கேட்பார்கள். அது உண்மையும்கூட. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியதில் அப்போது அங்கே முகாமிட்டிருந்த ஹாம் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ரிப்பீட்டர் அவசியமாகத் தேவைப்படும் புயல்தான் இழுகம்பிகளைச் சோதிக்கும் புயலும். கைவிடப்பட்ட கோபுரம் அன்றைக்கு உதவாமல் போவதோடு நிற்காது, யார் கூரையிலாவது விழும். பேரிடருக்கு உதவுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத கோபுரம் கட்ட எங்களுக்கு மனமில்லை.

பொருளாகத் தர விரும்புபவர்களுக்கு: நன்றி, ஆனால் சிலவற்றை மறுக்க நேரும், வருத்தப்பட வேண்டாம். பழைய கோஆக்சியல் கேபிள் வேண்டாம். பயன்படுத்திய இழுகம்பியும் ஏறுவதற்கான பழைய பாதுகாப்பு வார்களும் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். பழைய கோபுரத் துண்டுகள் இருந்தால் பொறியாளர் பார்த்து முடிவு சொல்வார். குழாய்க் கால்கள் உள்ளேயிருந்து துருப்பிடிப்பவை, வெளிப்பூச்சை நம்ப முடியாது. நல்ல கப்பி, கயிறு, முறுக்குவிசை ஸ்பேனர், ஆன்டெனா அனலைசர் இவற்றை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம்.

உழைப்பும் நன்கொடைதான். குழி தோண்ட, கம்பி கட்ட, கேபிள் இழுக்க, கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் வேண்டும். மேலே ஏறுவது மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு. இரண்டு கொக்கிகளில் ஒன்று எப்போதும் கோபுரத்தில் மாட்டியிருக்க வேண்டும், தனியாக யாரும் ஏறக் கூடாது, டிரான்ஸ்மிட்டர் அணைந்து சாவி ஏறுபவர் பையில் இருக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் "நான் சும்மா ஒரு நிமிஷம் ஏறிப் பார்க்கிறேன்" என்பவர்களை வேலை நடக்கும் இடத்துக்குள்ளேயே விடப்போவதில்லை.

எவ்வளவு தரலாம் என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் தொகை சொல்லவில்லை. பொருள்வாரியான விலைப்பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஹார்ட்லைன், ஒரு டர்ன்பக்கிள், ஒரு எர்த் கம்பி, ஒரு முழு இழுகம்பி என்று உங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்ளலாம். மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மீட்டர் கேபிள் எடுத்துக்கொண்டாலும் போதும். ஒரே தடவையில் பெரிய தொகை தருவதைவிட மாதாமாதம் சிறு தொகை தருவது எங்களுக்கு அதிகம் உதவும், பராமரிப்புச் செலவும் அப்படித்தானே வரும். பெயர்ப் பலகை கிடையாது. கொடுத்தவர் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், வேண்டாம் என்றால் அதிலும் போட மாட்டோம்.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. இரண்டு கணக்குகளின் வரவு செலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்பப்படும். குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் பில்களைச் சரிபார்ப்பார்கள். ஏதாவது காரணத்தால் அனுமதி கிடைக்காமல் திட்டம் நின்றுபோனால், செலவாகாத பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பும்.

அஸ்திவாரச் செலவுக்கான தொகை சேர்ந்த அன்றே குழி தோண்டும் தேதியை அறிவிப்போம். நன்கொடையைப் பொருளாளரிடம் நேரிலோ சங்கத்தின் வங்கிக் கணக்கிலோ செலுத்தி, எந்தப் பொருளுக்கு, கட்டுமானத்துக்கா பராமரிப்புக்கா, அல்லது பாதிப் பாதியா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாமல் வருவதைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுவோம்.

இப்படிக்கு,
கோபுரக் குழு