டாங்கித் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் வளாக வாயிலில் நிற்கும் ஸ்டூவர்ட் எம்3 இலகு டாங்கியின் உடற்கூட்டு வேலையும், சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்த சக்கரக் கட்டு வேலையும் முடிந்துவிட்டன. டாங்கிக்குப் போய்த் திருப்பணி என்று பெயரா என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். வசூல் ரசீதில் அப்படியே அச்சாகிவிட்டதால் மாற்றவில்லை.

வண்டியைக் கிரேனால் தூக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு எப்போதோ யாரோ ஒரு புண்ணியவான், தரைத் தகட்டின் மேல் சிமெண்டுக் கலவையைக் கொட்டி, தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்திருக்கிறார். மேல்மூடி வழியாக இறங்கிய மழைநீருக்கு வெளியேற வழியே இல்லை. பக்கத் தகடுகள் 25 மில்லிமீட்டர் கனம். அவை மேலோடு துருப்பிடித்ததோடு சரி. தரைத் தகடு அதில் பாதி கனம்தான். சிமெண்டைப் பெயர்த்தபோது தகடும் அப்பளமாகக் கூடவே வந்தது. பின்பாதித் தரையை முழுவதும் புதிதாகப் போட்டிருக்கிறோம். அடைத்த துளைகள் அனைத்தையும் திறந்துவிட்டோம்.

தகடுகளை வெல்டிங் செய்துவிட்டால் செலவு குறையுமே என்று பலர் சொன்னீர்கள். இந்த வண்டியின் கவசத் தகடுகள் வெளிமுகத்தில் மட்டும் கடினமாக்கப்பட்டவை. கண்டபடி சூடேற்றினால் விரிசல் விடும். அதனால்தான் 1941இல் அமெரிக்காவில் இவற்றைச் செய்தவர்கள் ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் தறையாணி, அடித்தார்கள். பின்னால் வந்த எம்3ஏ3 வகைக்கு முழுவதும் வெல்டிங் செய்த உடற்கூடு. நாமும் ரிவெட்டுக்கே போனோம். சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டை அடிக்கத் தெரிந்த கை இன்று எளிதில் கிடைப்பதில்லை. பாலம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். முதல் நாள் அடித்தவற்றில் பாதியை அவரே அறுத்தெறியச் சொன்னார்.

நாட்களைத் தின்றது சக்கரக் கட்டு. பக்கத்துக்கு இரண்டு தொகுதி, தொகுதிக்கு இரண்டு சக்கரம், இரண்டு ஸ்பிரிங். இது லாரியில் காணும் பட்டை ஸ்பிரிங் அல்ல. அகலமான எஃகுப் பட்டையைக் கூம்பு போலச் சுற்றி நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பாரம் ஏற ஏற ஒவ்வொரு சுற்றாக அடித்தட்டில் போய் அமர்ந்து, மீதிச் சுற்றுகள் இறுகிக்கொண்டே போகும். சின்ன இடத்தில் பெரிய பாரம் தாங்கும் வேலை, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் வண்டியை ஜாக்கியில் ஏற்றிய பிறகும் அதில் அழுத்தம் மிச்சமிருக்கும். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடி போடாமல் கழற்றினால் ஆளைக் கொன்றுவிடும். பிடியைச் செய்து முடிக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொட விடவில்லை. தாமதம் என்று குறைபட்டுக்கொண்டவர்களுக்கு இதுவே விளக்கம். எட்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றுதான் உடைந்திருந்தது. மற்றவற்றைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி அவற்றின் பழைய இடத்திலேயே பூட்டினோம்.

ரப்பர் விஷயத்தில் ஏமாந்தோம். சக்கரங்களுக்குப் புது ரப்பர் ஒட்டக் கொடுத்த பட்டறை, இரும்பைச் சரியாகச் சுரண்டாமலேயே வார்த்துத் தந்தது. ஒரே மாதத்தில் தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டது. இரண்டாம் முறை வேறிடத்தில் செய்ததில் செலவு இரட்டித்தது. கணக்கில் அதை மறைக்கவில்லை. இனியாவது ரப்பர் நசுங்காமலிருக்க, வண்டியின் அடியில் இரும்புத் தாங்கிகள் வைத்துப் பாரத்தை அவற்றின்மேல் இறக்கியிருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல், மருந்து போட்டு நனைத்தே சுரண்டினோம். எஞ்சினை இந்தக் கட்டத்தில் தொடவில்லை.

இனி, சர்ச்சைக்குரிய கல்வெட்டு. இந்த வண்டி சோஜிலாவுக்குப் போனது என்று அதில் ஒரு வரி பொறிக்க வேண்டும் என்பது கோரிக்கை. காஷ்மீர்ப் போரின்போது, 1948 நவம்பர் 1ஆம் தேதி, 11,500 அடி உயரத்துக்கு மேலுள்ள சோஜிலா கணவாயில் இந்திய ராணுவத்தின் டாங்கிப் படைப்பிரிவான 7ஆவது லைட் காவல்ரி ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றியது உண்மை. அவை ஏறிப் போகக் கணவாயின் அடிவாரத்திலுள்ள பால்தாலிலிருந்து பாதை வெட்டியவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பதும் உண்மை. நம் உறுப்பினர்களில் பலர் அந்தப் படையின் ஓய்வூதியர்கள். ஆனால் இந்த வண்டியே சோஜிலாவுக்குப் போனது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எனவே அந்த வரியைப் பொறிக்கக் குழு மறுத்துவிட்டது. 'ஸ்டூவர்ட் எம்3' என்று மட்டுமே கல்லில் இருக்கும். வருத்தப்பட்ட நன்கொடையாளர் ஒருவருக்குத் தொகை திருப்பித் தரப்பட்டது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கம்பியால் வடிதுளைகளைக் குத்திப் பார்க்க இரண்டு பேர் தேவை. விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்,
திருப்பணிக் குழு