கறை நீக்கும் தூளின் டப்பாவில் தவறான செய்முறை: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: டப்பாவில் அச்சிட்ட செய்முறையால் துணிகள் பாழானது, செய்முறையைத் திருத்தக் கோருவது

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கறை நீக்கும் தூளை எங்கள் சலவை நிலையத்தில் தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்துகிறோம். தூளின் தரத்தில் எங்களுக்குக் குறையில்லை. பின்புறம் அச்சிட்டிருக்கும் செய்முறைதான் துணியைக் கெடுக்கிறது. "எந்தக் கறையானாலும், எந்தத் துணியானாலும், கொதிக்கும் தண்ணீரில் கரைத்து ஊற வைத்து நன்றாகத் தேய்க்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள். அதன்படியே செய்ததில் ஒரு வெள்ளைப் பருத்தி விரிப்பும் ஒரு பட்டுச் சட்டையும் வீணாகிவிட்டன.

விரிப்பில் இருந்தது ரத்தக் கறை. ரத்தத்தில் இருப்பது புரதம். கொதிநீர் பட்டதும் அது முட்டையின் வெள்ளைக்கருவைப் போல உறைந்து நூலிழையோடு இறுகிக்கொள்ளும். சிவப்பு போய்ப் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் முழுதாகப் போவது அரிது. ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சரி. துணியைப் பின்பக்கம் திருப்பிக் குழாயடியில் பிடித்தால் கறை வந்த வழியே வெளியேறும். தேய்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். பிறகு நொதி (கறையைச் சிதைக்கும் என்சைம்) கலந்த சலவைத் திரவத்தில் அரை மணி நேரம் ஊற வைக்கலாம். வெள்ளைத் துணியில் லேசாக மிச்சம் தெரிந்தால் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டு, நுரை அடங்கியதும் அலச வேண்டும். பால், முட்டை, வாந்திக் கறைகளுக்கும் முதலில் குளிர்ந்த தண்ணீர்தான்.

சூடான தண்ணீரை ஏன் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. தூளின் முக்கியப் பொருள் சோடியம் பெர்கார்பனேட். அது தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். தேநீர், காபி, பழச்சாறு கறை படிந்த பருத்திக்கு 40 முதல் 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் அருமையாக வெளுக்கிறது, அதை மனதாரச் சொல்கிறோம். ஆனால் அதற்கும் கொதிநீர் தேவையில்லை. உட்பொருள் பட்டியலில் நொதிகளையும் சேர்த்திருக்கிறீர்கள். கொதிநீரில் அவை செயலிழந்துவிடும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய நொதியை உங்கள் செய்முறையே வீணடிக்கிறது.

பட்டுச் சட்டை கெட்டதற்குக் காரணம் வேறு. பட்டும் கம்பளியும் புரத இழைகள். சோடாவின் காரம் அவற்றின் பளபளப்பைப் போக்கி முரடாக்கும். புரதத்தைச் சிதைக்கும் நொதி கறையை மட்டும் பார்த்துத் தின்னாது, இழையையும் அரிக்கும். "அனைத்துத் துணிகளுக்கும் ஏற்றது" என்ற வரியை முன்பக்கத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

மஞ்சள் கறையைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. மஞ்சள்தூளின் நிறமி காரத்தில் சிவக்கும். தூளைப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாவதைப் பார்த்துப் பதறி மேலும் தூளைக் கொட்டுகிறார்கள். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். வெயிலில் காயப்போட்டால் படிப்படியாக வெளுக்கும். இதற்கு ஒரு வரி போதும். எண்ணெய்க் கறையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். எண்ணெய் பட்ட இடம் காய்ந்திருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதுவரை சொன்னதில் போவது துணி மட்டும். அடுத்த இரண்டு வரிகளால் ஆளுக்கே ஆபத்து. "மீதமுள்ள கரைசலை ஸ்பிரே பாட்டிலில் மூடி வைத்துக்கொள்ளலாம்" என்கிறீர்கள். கரைத்த பிறகும் ஆக்சிஜன் வாயு வந்துகொண்டே இருக்கும். மூடிய பாட்டில் உப்பி வெடிக்கும். காரக் கரைசல் கண்ணில் தெறிக்கும். அவ்வப்போது தேவையான அளவு மட்டும் கரைத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். "போகாவிட்டால் குளோரின் பிளீச் சேர்க்கவும்" என்பது இன்னொன்று. பிளீச்சும் பெராக்சைடும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வாயுவாகப் பொங்கும், கறைக்கு இரண்டுமே மிஞ்சாது. துருக் கறையில் பிளீச் பட்டால் துரு இன்னும் ஆழமாகப் பதியும். அதற்குச் சிட்ரிக் அமிலம் போன்றவைதான் வேண்டும். அந்த அமிலம் பிளீச்சோடு கலந்தாலோ நச்சான குளோரின் வாயு கிளம்பும். இந்த எச்சரிக்கை டப்பாவில் எங்கேயும் இல்லை.

பளிங்கு மேடைக்கு வினிகரோடு குழைத்துப் பூசச் சொல்லியிருப்பதும் தவறு. பளிங்கு கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். தண்ணீரில் குழைத்தாலே போதும்.

உங்கள் சேவை எண்ணில் முறையிட்டபோது, "இன்னும் அதிகத் தூள் போட்டு இன்னும் சூடாக ஊற வையுங்கள்" என்று பதில் வந்தது. உறைந்த கறைக்கு அந்தப் பதில் எவ்வளவு கேடு என்பதை உங்கள் பணியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்: செய்முறையைக் கறைவாரியாகவும் துணிவாரியாகவும் பிரித்து அச்சிடுங்கள். கடைகளில் ஏற்கெனவே உள்ள டப்பாக்களில், மூடிய பாட்டிலில் வைக்கக் கூடாது, பிளீச்சோடு கலக்கக் கூடாது என்ற ஒட்டுச்சீட்டை உடனே ஒட்டுங்கள். மற்றதற்கு அவகாசம் எடுத்துக்கொண்டாலும் இது காத்திருக்கக் கூடாது. பாழான இரு துணிகளுக்கும் இழப்பீடு தாருங்கள். துணிகளையும், தொகுதி எண்ணுள்ள டப்பாவையும் உங்கள் ஆய்வுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சலவை நிலையத்தினர்