கட்டுமானத் தள மேற்பார்வையாளர்களுக்கு ஒரு மருத்துவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர்களே, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்களே,

வணக்கம். சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்றாடம் வேலை பிரித்துக் கொடுப்பவர்கள் நீங்கள். உங்களில் பலர் கம்பி கட்டி, பலகை அடித்து மேலே வந்தவர்கள். உச்சி வெயிலில் ஒருவர் தள்ளாடும்போது அருகில் நிற்பவர்களும் நீங்கள்தான். அதனால்தான் முதலாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மருத்துவம் படித்து முடித்ததும் தேசிய சேவையில், அதாவது இங்குள்ள கட்டாய ராணுவப் பணியில், மருத்துவ அதிகாரியாக இருந்தேன். பிறகு அவசர மருத்துவத்துக்கு வந்தேன். ராணுவ மருத்துவம் என்றதும் பலருக்குக் குண்டடியும் ரத்தமும் நினைவுக்கு வரும். முகாமில் எங்களுக்கு ஓயாத கவலையாக இருந்தது வெயில். பயிற்சிக்கு முன் காய்ச்சலா, பேதியா, தூக்கம் கெட்டதா என்று கேட்போம். ஆம் என்றவரை அன்று ஓடவிட மாட்டோம். வரிசையாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செய்வோம். இத்தனை கவனம் இருந்தும், 2018 ஏப்ரலில் வேக நடைப் பயிற்சிக்குப் பின் வெப்பத்தாக்குக்கு ஆளான ஒரு தேசிய சேவையாளரை இழந்தோம். அதன்பின் ராணுவம் வெளி நிபுணர்களைக் கொண்டு தன் நடைமுறைகளை மீண்டும் ஆராய்ந்தது. இருபது வயது இளைஞரின் உடலையும் வெயில் வீழ்த்தும் என்பதை அங்கே யாரும் மறப்பதில்லை. கட்டுமானத் தளத்தில் மறந்துவிடுகிறோம்.

ஒரு பிற்பகல் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இளைஞரை லாரியில் கொண்டுவந்தார்கள். காலணியைக்கூடக் கழற்றவில்லை, தடித்த நீளக்கைச் சட்டையின் மேல் பாதுகாப்புக் கச்சை இறுக்கிக் கட்டியபடியே இருந்தது. “ராத்திரி குடித்திருப்பான், உளறுகிறான்” என்றார் உடன் வந்தவர். மது வாடையே இல்லை. உடலின் உள்வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. அவர் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகி, தேறி எழுவதற்குள் மிகவும் துன்பப்பட்டார்.

உழைக்கும் ஒருவர் திடீரென உளறினால், தள்ளாடினால், காரணமில்லாமல் சண்டைக்கு வந்தால், முதலில் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். கடும் உழைப்பில் வரும் வெப்பத்தாக்கில் உடல் நனைந்திருக்கும்போதே மூளை குழம்பும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. 995ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று கச்சையையும் சட்டையையும் அகற்றுங்கள். குழாய் நீரோ பனிக்கட்டி நீரோ, கிடைத்ததை உடல் முழுதும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் தணிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்த அரை மணி நேரம் மருத்துவமனையில் இருக்கும் என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

“புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்தவனை இந்த வெயில் என்ன செய்துவிடும்?” என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வியர்வை காய்ந்து உடல் குளிரும். இங்கே காற்றில் ஈரம் கூடுதல் என்பதால் வியர்வை எளிதில் காய்வதில்லை; உடலுக்குள்ளேயே சூடு தங்கிவிடுகிறது. புதிதாக வந்தவருக்கும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் முதல் வாரத்தில் வேலையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதியைக் கடுமையாக்கியது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், கடின வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். கான்கிரீட் ஊற்றும் நாளில் அது எப்படி முடியும் என்பீர்கள். கான்கிரீட் காத்திருக்காது, உண்மைதான். அப்படியென்றால் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குங்கள். அதற்கு வேண்டிய கூடுதல் ஆட்களை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிப்பது. கொரோனா பரவிய 2020இல் ராணுவ மருத்துவக் குழுக்கள் தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்குச் சென்றபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லவே எத்தனை பேர் அஞ்சுகிறார்கள் என்பதைக் கண்டேன். சம்பளம் பிடிப்பார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் அது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வெயிலில் இறங்குபவர்தான் முதலில் விழுகிறார். காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் தலைக்கவசத்தையும் கச்சையையும் சரிபார்க்கும்போதே, யாருக்கு உடம்பு சரியில்லை என்றும் கேளுங்கள். சொன்னவருக்கு அன்றைய கூலியில் கை வைக்க மாட்டோம் என்ற உறுதியை நிர்வாகத்திடம் வாங்கிக் கொடுங்கள்.

ஒவ்வொரு தளத்திலும் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் நீண்ட தண்ணீர்க் குழாயும் எப்போதும் தயாராக இருக்கட்டும். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால், என் ஓய்வு நாளில் நானே வருகிறேன்.

அன்புடன்,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்,
சிங்கப்பூர்