வெடிமருந்துப் பெட்டிகள் குறித்து

அன்புள்ள கோபாலன்,

நலம், நலமறிய ஆவல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஹெய்ல் ரயில் நிலையத்தை 1910 வாக்கில் இருந்தபடி ஓஓ அளவில் (நிஜத்தின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர்) மாதிரி ரயில் அமைப்பாகச் செய்யத் தொடங்கியிருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும், உன் சரக்கு வண்டியில் வெடிமருந்து ஏற்றும் ரயில் பெட்டி ஒன்றாவது இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஊருக்கு வெளியே மணற்குன்றுகளின் நடுவே நேஷனல் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் நிறுவனம் நடத்திய வெடிமருந்து ஆலையின் இடத்தை அங்குள்ளவர்கள் இன்றும் டைனமைட் டவன்ஸ் என்றே அழைக்கிறார்கள்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இத்தகைய பெட்டிகளைத் தன் தந்திகளில் ‘கோன்’ என்ற குறியீட்டுப் பெயரால் அழைத்தது. அதே நிறுவனம் 1886 முதல் கட்டிய ‘அயர்ன் மிங்க்’ இரும்புப் பெட்டியின் உடலே இவற்றுக்கு அடிப்படை என்பதால், அதன் மாதிரியை நாமே பொருத்திச் செய்யும் கிட் ஒன்றை வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். நிஜத்தில் 16 அடி நீளமுள்ள உடல் உன் மேசையில் 64 மில்லிமீட்டராக இருக்கும். முனைச்சுவர்களின் மேற்பகுதியில் உள்ள காற்றோட்ட மூடிகளை மெல்லிய அரத்தால் இழைத்து எடுத்துவிடு. சுற்றியுள்ள தலையாணிகள் (ரிவெட்டுகள்) தேயாமல் பார்த்துக்கொள். எஞ்சின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி நுழைய ஒரு சிறு வழியும் இருக்கக்கூடாது என்பதால், வெடிமருந்துப் பெட்டிக்கு அந்த மூடிகள் கிடையாது. பக்கவாட்டில் எழுதும் எச்சரிக்கையைக் காட்டிலும், மூடியில்லாத இந்த மொட்டைச் சுவர்தான் பெட்டியை அடையாளம் காட்டும் என்பது என் எண்ணம்.

உட்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும், கதவொன்றைத் திறந்த நிலையில் பொருத்துவதானால் உள்ளே மரப்பலகை வேய்ந்து காட்டு. இரும்போடு இரும்பு உரசிப் பொறி எழாதபடி உட்பக்கம் முழுவதும் மரத்தால் மூடியிருந்தார்கள். ஆணியடித்த பூட்சோடு எவரும் உள்ளே ஏற முடியாது. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு விபத்து உண்டு. 1874 அக்டோபர் 2 அன்று விடியற்காலையில், லண்டனின் ரீஜண்ட்ஸ் கால்வாயில் வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிச் சென்ற டில்பரி என்ற படகு மேக்கிள்ஸ்ஃபீல்டு பாலத்தடியில் வெடித்து, அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். மறு ஆண்டே வெடிபொருள் சட்டம் வந்தது.

வண்டியைக் கோக்கும்போது இந்தப் பெட்டியை எஞ்சினை ஒட்டி வைக்காதே. இடையில் சாதாரணப் பெட்டிகள் சிலவற்றை விடு. இதை நான் வலியுறுத்தக் காரணம், 1944 ஜூன் 2 அன்று கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹமில் நடந்தது. குண்டுகள் ஏற்றிய 51 பெட்டிகள் கொண்ட வண்டியில், எஞ்சினை அடுத்திருந்த முதல் பெட்டி தீப்பிடித்தது. அது நம் கோனைப் போல மூடிய இரும்புப் பெட்டியன்று, திறந்த பெட்டி. ஓட்டுநர் பெஞ்சமின் கிம்பர்ட் வண்டியை நிறுத்த, தீயணைந்திராத அந்தப் பெட்டியின் இணைப்பை எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஜேம்ஸ் நைட்டால் இறங்கிக் கழற்றினார். மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்து இழுத்துச் செல்கையில் அது வெடித்தது. நைட்டாலும் சிக்னல்மேன் ஃபிராங்க் பிரிட்ஜஸும் உயிரிழந்தார்கள். 50 பெட்டிகளும் ஊரும் தப்பின. கிம்பர்ட்டுக்கும் நைட்டாலுக்கும் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அடர்சாம்பல் பூசியபின், 1904 முதல் வழக்கிலிருந்த கிரேட் வெஸ்டர்னின் 25 அங்குல ‘ஜி டபிள்யூ’ எழுத்துகளை இடு. உன் அளவில் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். டிட்காட் ரயில் மையத்தில் கோன் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். முனைச்சுவரின் படங்கள் வேண்டுமானால் எழுது.

அன்புடன்,
ராமநாதன்