ஏழு சாட்சிகளுக்கும் உங்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அவள் கையில் அந்தத் தாள் வந்தது. பிறப்புப் பதிவின் நகல். அவளுக்கு வயது பத்தொன்பது. வாங்கியதும் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, அம்மாவின் பெயர் எங்கே என்றுதான் தேடினாள். கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தாள். அப்புறம்தான் தன் பெயர். முத்திரையின் மை இன்னும் காயவில்லை, கட்டைவிரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை அதைத் துடைக்காமல், கையை மடியில் விரித்து வைத்தபடியே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

இதற்காகப் பணம் அனுப்பியவர்கள் டொரண்டோவிலும் லண்டனிலும் ஹட்டனிலும் கொழும்பிலும் இருக்கிறீர்கள். கூட நின்றவர்கள் எல்லோரும் இங்கே, டொமினிக்கன் குடியரசில். இரண்டு தரப்புக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அதனால்தான் இந்த மடல். அவள் பெயரை எழுதவில்லை. தம்பியின் பதிவு இன்னும் முடியவில்லை, அதுவரை வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

நான் சான் பெட்ரோ டெ மகோரீஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பத்தேயில் மூன்று வருடமாக மாலைப் பள்ளி நடத்துகிறேன். பத்தேய் என்றால் கரும்புக்காட்டுக்கு நடுவே வெட்டுக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. நீளமான கட்டடம், வரிசையாகக் கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். முதல் நாள் அதைப் பார்த்ததும் என் வாயில் வந்த சொல் "லயம்". இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு அது. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பணம் அனுப்பியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: அங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுக்க இவ்வளவு பாடா? கேட்க வேண்டிய கேள்விதான்.

அவளுடைய தாத்தா ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஆள் கூட்டி வந்தார்கள். ஆலை அவருக்குக் கொடுத்த அடையாளச் சீட்டை ஃபீச்சா என்பார்கள். மகள், அதாவது இவளுடைய அம்மா, 1986இல் பிறந்தபோது அந்த ஃபீச்சாவைக் காட்டித்தான் பிறப்பைப் பதிந்தார். பதிவாளரும் பதிந்துகொண்டார். இந்த மண்ணில் பிறந்தவர் இந்நாட்டுக் குடிமகன் என்பதே அன்றைய அரசியலமைப்பு. தூதர்களின் பிள்ளைகளும் வழிப்போக்கர்களின் பிள்ளைகளும் மட்டும் விலக்கு. வாழ்நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவரை வழிப்போக்கர் என்று அன்று அந்தப் பதிவாளர் நினைக்கவில்லை.

பிறகு நினைத்தார்கள். 2004இல் வந்த குடிவரவுச் சட்டம், வதிவிட அனுமதி இல்லாதவர்கள் எல்லோரையும் "வழிப்போக்கர்" கணக்கில் சேர்த்தது. 2007இல் தேர்தல் வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, எண் 017. இங்கே பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் அந்த வாரியத்தின் பொறுப்பு. வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைகள் நகல் கேட்டு வந்தால் சந்தேகத்தோடு பார்க்கச் சொன்னது அந்தச் சுற்றறிக்கை. அதோடு அம்மாவின் நகல் நின்றது. நகல் இல்லாவிட்டால் செதுலா, அதாவது அடையாள அட்டை, கிடையாது. செதுலா இல்லாத தாய் தன் பிள்ளையின் பிறப்பைப் பதிய முடியாது. இப்படித்தான் ஒரு சுற்றறிக்கை, தான் வருவதற்கு முந்தைய வருடம் பிறந்த குழந்தையையும் பிடித்தது.

அதற்குமேல் 2013 செப்டம்பர் 23. அரசியலமைப்பு நீதிமன்றம் ஹூலியானா டெகீஸ் என்ற பெண்ணின் வழக்கில் 168-13 என்ற தீர்ப்பைச் சொன்னது. இங்கே அதை வெறுமனே "அந்தத் தீர்ப்பு" என்பார்கள், யாருக்கும் விளங்கும். வதிவிட அனுமதி இல்லாத வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்களின் குடியுரிமையை 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பறித்த தீர்ப்பு. இதில் இரண்டு நீதிபதிகள் மறுப்புத் தெரிவித்தார்கள்: இசபெல் பொனீயா, கட்டியா மிகுவெலினா ஹிமேனெஸ். இந்த மடல் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை. இருந்தாலும் அவர்களுக்கும் என் நன்றி. அன்றைக்கு அந்த அறையில் "இது தவறு" என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்ததும் 2014 மே மாதம் 169-14 என்ற சட்டம் வந்தது. ஏற்கெனவே பதிவில் இருந்தவர்களை ஒரு பிரிவாகவும், பதியவே முடியாமல் போனவர்களை இன்னொரு பிரிவாகவும் அது பிரித்தது. நம் பிள்ளையின் அம்மா முதல் பிரிவு. 2015இல் வாரியம் வெளியிட்ட சுமார் 55,000 பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. அது தெரியவே அவருக்குப் பல வருடம் ஆனது. பத்தேய்க்கு யார் பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பார்கள்? செதுலா கைக்கு வந்தபோது மகளுக்குப் பதினாறு தாண்டிவிட்டது. ஆக, "காலம் கடந்த பதிவு". அதற்கு ஞானஸ்நானச் சீட்டு, பள்ளிக் கடிதம் எல்லாவற்றோடு, நோட்டரி முன்னால் வந்து சொல்ல ஏழு சாட்சிகள் வேண்டும்.

நான் நன்றி சொல்ல வந்த இடம் இதுதான். ஏழு பேர் என்றால் பெரிய விஷயமா என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். சாட்சி சொல்பவரிடம் செதுலா இருக்க வேண்டும். அவள் பிறந்த இரவு வாசலில் தண்ணீர் சுடவைத்த பக்கத்து வீட்டுக்காரியிடம் செதுலா இல்லை. தொப்புள்கொடி கட்ட நூல் கொண்டுவந்த சித்தியிடம் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் வார்த்தை செல்லாது. ஏழு பேரைச் சேர்க்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

முதலில் மருத்துவச்சி. எண்பத்தோரு வயது. ஊரில் மூத்த பெண்களைத் தோனியா என்று கூப்பிடுவார்கள், நாம் அம்மா என்பது போல. "எத்தனை பிள்ளைகளைப் பிடித்த கை, இவளை மட்டும் எப்படி ஞாபகம், தோனியா?" என்று நோட்டரி கேட்டார். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மழை வேறு, மெழுகுவர்த்தி வாங்க இந்த ஆளைத்தான் எழுப்பினேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரரைக் காட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். "இரண்டு மெழுகுவர்த்தி. கடன். இன்னும் காசு வரவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். நோட்டரி சிரித்துக்கொண்டே எழுதினார். அவள் மட்டும் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். தான் பிறந்த இரவு எப்படி இருந்தது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லையாம்.

மற்ற ஐவர்: ஆலையில் கரும்பு எடைபோட்டு ஓய்வு பெற்றவர், அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, சபையின் போதகர், குவாகுவா என்கிற மினி பஸ்ஸின் ஓட்டுநர், அவளுடைய அம்மாவைப் போலவே 169-14இல் செதுலா மீண்டு கிடைத்த ஒரு தோழி. ஆசிரியை பழைய வகுப்புப் பதிவேட்டைப் பிளாஸ்டிக் அரிசிப் பையில் சுற்றி அலமாரி மேலே வைத்திருந்தார். புயலில் கூரை போன வருடம்கூட அதைக் காப்பாற்றியிருக்கிறார். ஓட்டுநர் அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தார், அதற்கு ஈடாக நாங்கள் நீட்டிய காசை வாங்கவே இல்லை. அதை உங்களிடம் கட்டாயம் சொல்லச் சொன்னாள் பிள்ளை.

வழிகாட்டிய வழக்கறிஞருக்கு என்ன சொல்வது? பதினான்கு தடவை அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது தடவை அவர் கூடவே வந்தார். ஒரு முறை, எல்லாத் தாளும் சரியாக இருந்தும், கவுன்டரில் இருந்தவர் பிள்ளையின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "அடுத்த மாதம் வா" என்று கோப்பை மூடினார். வழக்கறிஞர் குரலை உயர்த்தவில்லை. "மறுப்பதென்றால் மறுங்கள். காரணத்தை எழுத்தில் தாருங்கள், காத்திருக்கிறோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம். நாங்களும் உட்கார்ந்தோம். கோப்பு மறுபடி திறந்தது. உள் அறையிலிருந்து வந்து அதைப் படித்துப் பார்த்து, "இதில் குறை ஒன்றுமில்லையே" என்று கையெழுத்துக்கு அனுப்பிய இன்னொரு ஊழியருக்கும் நன்றி. அவர் தன் வேலையைத்தான் செய்தார். அதைச் செய்கிறவரைச் சந்திக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது.

பஸ் பயணத்தையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில், வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்துவோம் என்று அரசு அறிவித்தது. அதிலிருந்து வழியில் மறித்து ஆட்களை இறக்குவது கூடிவிட்டது. நிறத்தைப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள், வேறு எதைப் பார்ப்பார்கள்? ஏற்றிப்போகும் லாரிக்கு இங்கே கமியோனா என்று பேர். அந்தச் சொல் காதில் விழுந்தால் மாலைப் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாகும். கையில் தாளில்லாத பெண்ணைத் தாளெடுக்கக் கூட்டிப்போகும் வழியிலேயே பிடித்துவிட்டால்? ஒவ்வொரு தடவையும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, இந்தப் பக்கம் மருத்துவச்சியோ ஆசிரியையோ உட்கார்ந்து வந்தார்கள். சாட்சி சொல்லி முடிந்த பிறகும் வந்தார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, அவர்களாக வந்தது.

ஞானஸ்நானச் சீட்டைத் தேடி எடுத்துத் தந்த கோயில் எழுத்தர், நகல் கடை அக்கா, எனக்கு வராத சட்ட ஸ்பானிஷைப் பொறுமையாகச் சொல்லித்தந்த இளைஞர்கள், எல்லோருக்கும் நன்றி.

சோனியா பியேரின் பெயரைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அவரும் பத்தேயில் பிறந்தவர்தான். ஹெய்ட்டி வழிப் பெண்களுக்காக அவர் நடத்திய முத்தா அமைப்பு, பிறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 2005 செப்டம்பரில் சிறுமிகள் வென்றார்கள். அதில் ஒரு சிறுமி, சான்றிதழ் இல்லாததால் பெரியவர்களோடு மாலைப் பள்ளியில் படிக்க வேண்டியிருந்தது. சோனியா 2011இல் காலமானார், "அந்தத் தீர்ப்பை" அவர் பார்க்கவில்லை. நாங்கள் அலுவலகங்களில் நீட்டிய மனுக்களுக்கு அடியில் அந்த வழக்கு இருக்கிறது.

இனி உங்களுக்கு. உங்கள் பணம் நோட்டரிக் கட்டணம், நகல், புகைப்படம், பஸ், சாட்சிகளின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளுக்கான கூலி என்று செலவானது. ரசீதெல்லாம் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். பத்து டாலர் அனுப்பிவிட்டு "குறைவுதான், மன்னியுங்கள்" என்று எழுதிய ஐயா, உங்கள் பத்து டாலர் மருத்துவச்சியின் இரண்டு பயணம். ஹட்டனிலிருந்து அனுப்பிய அக்கா ஒருவர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் அலைந்தோம்." என் அம்மாயிக்கும் அப்படித்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவரைப் பதின்மூன்று வயதில் நாடற்றவராக்கியது. 2003இல் பிரஜாவுரிமை வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு. அந்தத் தாளை அவர் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தத் தலையணைதான்.

எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவள் வகுப்பில் இருந்த ஒரு பையன் இரண்டாம் பிரிவு. பிறந்த நாட்டிலேயே வெளிநாட்டவர் என்று பதிந்துகொண்டு, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றது சட்டம். 2015 பிப்ரவரி 1 கெடுவுக்குள் பதிந்தவர்கள் 8,755 பேர்தான். அவர்களிலும் 2020இல் சுமார் 750 பேருக்குக் குடியுரிமை ஆணை வந்தது, மற்றவர்களில் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். இந்தப் பையன் பெற்றோர் கெடுவைத் தவறவிட்டவர்கள். அவனுக்கு என்ன செய்வதென்று வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் வந்து அவளுக்குக் கை கொடுத்தவன் அவன்தான்.

அவள் அடுத்து செதுலாவுக்கு விண்ணப்பிக்கிறாள். பிறகு நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். மருத்துவச்சிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

மிச்சமிருக்கும் பணத்தைத் தம்பிக்கு வைத்திருக்கிறோம். பதினான்கு வயது, ஊரில் எல்லாப் பையன்களையும் போல பேஸ்பால் பைத்தியம். பந்து எப்படி வீசுகிறான் என்று பார்ப்பதற்கு முன்பே பயிற்சி முகாமில் பிறப்புப் பதிவு கேட்கிறார்கள். அவன் மருத்துவமனையில் பிறந்தவன். அன்று அம்மாவிடம் செதுலா இல்லாததால், வெளிநாட்டுத் தாய்மார்களுக்குக் கொடுக்கும் ரோஸ் நிறத் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்த வரும் திங்கட்கிழமை முதல் தடவையாகப் போகிறோம்.

இதற்குச் சாட்சி வேண்டியதில்லை, நீங்கள் அலைய வேண்டாம் தோனியா என்று மருத்துவச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். இவனை நான் பிடிக்கவில்லை, அதனால் என்ன என்றார். அப்புறம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நன்றியுடன்,
மாலைப் பள்ளியிலிருந்து