அந்த மூன்று கொக்கிகளுக்கு நன்றி

அன்பான உங்கள் எல்லோருக்கும்,

டிராக் (மிகையான ஒப்பனையும் உடையுமாக, பெரும்பாலும் பெண் வேடமிட்டு, மேடையில் ஆடும் கலை) போட்டியின் ஆறாவது வாரத்தில் நான் வெளியேறியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒளிபரப்பாகும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால்தான் இத்தனை மாதம் கழித்து இந்த நன்றி.

முதலில் தையல் அக்காவுக்கு. விக், செருப்பு, நகை, கவுன் எல்லாவற்றையும் போட்டியாளரே பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த வாரம் அனுப்பிவிடுவார்கள் என்று தெரியாததால் கடைசி வாரம்வரைக்கும் தைத்தாக வேண்டும். எந்த வாரம் எந்த மாதிரி உடை என்ற தலைப்புகள் கைக்கு வந்தபோது புறப்பட மூன்று வாரமே இருந்தது. பகலெல்லாம் ஊராருக்குத் தைத்துவிட்டு, இரவில் எனக்காக மிஷின் மிதித்தீர்கள். பச்சைக் கவுனின் முதுகில் ஜிப் வைத்த பிறகும், உள்பக்கம் மூன்று கொக்கிகளைக் கையாலேயே தைத்தீர்கள். "எதுக்குக்கா, வெளியே தெரியவே தெரியாதே" என்றேன். "இடுப்புக்கு ஃபோம் வச்சு, நாலு டைட்ஸ் மாட்டி, அதுக்கு மேல இதப் போட்டுக்கிட்டு ஆடப்போற. ஜிப்ப நம்பாத" என்றீர்கள்.

நான்காவது வாரம் கடைசி இருவரில் ஒருவராக நின்றேன். பாட்டுக்கு வாயசைத்து ஆடி, தோற்பவர் வீட்டுக்குப் போகும் சுற்று அது. குனிந்து நிமிர்ந்தேன், முதுகில் 'டர்' என்றது. ஜிப் மேலிருந்து கீழ்வரை போய்விட்டது. கொக்கிகள் மூன்றும் பிடித்துக்கொண்டு நின்றன. நடுவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. அதற்குப் பின் நான் அந்த மேடையில் இருந்த இரண்டு வாரமும் உங்கள் கைவேலைதான், அக்கா.

அடுத்து, இந்தக் கலையில் என்னை வளர்த்தெடுத்த என் டிராக் அம்மா. புருவத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்த அந்த மாலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. க்ளூ ஸ்டிக்கை முடி வளரும் திசையில் தேய்த்து, சின்னச் சீப்பால் படிய வாரி, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மூன்றாவது பூச்சும் காய்ந்த பிறகுதான் பவுடர். நான் அவசரப்பட்டபோதெல்லாம் முழுவதையும் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். ரூபால் நடத்தும் அமெரிக்க டிவி டிராக் போட்டியில், 2017 இறுதிச்சுற்றில் சாஷா வெலூர் என்ற போட்டியாளர் விக்கைத் தூக்கியதும் உள்ளிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. எல்லோரும் கத்தினோம். நீங்கள் மட்டும், "அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு இதழ்கூட விழாம வச்சிருந்தாங்களே, அதப் பாரு" என்றீர்கள். இன்றுவரை நான் ஒத்திகை பார்ப்பது அந்தக் கண்ணோடுதான்.

விக்குக்காக ஒருவரிடம் முழுப் பணமும் கட்டி ஏமாந்தேன். விக்கும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. கேட்காமலேயே தன் சேமிப்பை எடுத்து நீட்டிய நண்பனே, பரிசு வாங்கி அடைக்கிறேன் என்று சொன்னேன். 2009 முதல் சீசனில் 20,000 டாலராக இருந்த ரூபால் போட்டியின் பரிசு பிறகு பல மடங்கு ஏறியது என்றாலும், பெரிய பரிசு பெரும்பாலும் ஜெயித்தவருக்குத்தான். எனக்குக் கிடைத்தது நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த மேடை அழைப்புகள். அதிலிருந்து பாதிக் கடனை அடைத்துவிட்டேன். மீதிக்கு நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

போன் இல்லாமல் நான் போயிருந்த அத்தனை நாளும், கேட்டவர்களுக்கெல்லாம் "வேலை விஷயமாப் போயிருக்கு" என்று சமாளித்த தம்பிக்கும், மேக்கப் அறையில் தன் இமை பசையைப் பாதி கொடுத்த சக போட்டியாளருக்கும் நன்றி.

என்னைப் பெற்ற அம்மா, 2020ல் ரூபால் போட்டியின் கனடா பதிப்பான கனடா டிராக் ரேஸின் முதல் சீசனை கயானா இந்திய வம்சாவளிப் பிரியங்கா ஜெயித்தபோது, நீங்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தீர்கள். பிறகு, "நம்ம நிறத்துக்கு அந்தச் சிவப்பு நல்லா எடுக்கும்" என்றீர்கள். முதல் வாரம் நான் சிவப்பில் வந்தது அதனால்தான்.

அக்கா, நடுக் கொக்கி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கவுனை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை